பின்பக்கம் போறான்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பின்வாசல் வழியாக நாற்பத்தொரு ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். வாசல் காமிராவின் படத்தில் கமெண்ட்ரி அத்தனை பேரையும் பார்த்துவிட்டான். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது பேர் சிகரெட் பிடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள்.

"அண்ணி, இது புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம்தானே? போர்டைச் சரியா படிச்சுட்டுத்தான் உள்ள வந்தோமா?" என்று கேட்டான்.

மிச்சம் இருந்த இரண்டு பேரில் ஒருத்தர் தண்ணீர் கேன் போடுகிறவர். இன்னொருத்தர் நிலையத்தின் டைரக்டர். அவர் பல் டாக்டரிடம் போனதாகச் சொன்னார். வலது கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது, அதனால் அதை நம்ப வேண்டியதாயிற்று.

ஆக, திருடன் இல்லை. இன்று வியாழக்கிழமை, மணி இரண்டு இருபது. நாலு மணிக்குக் கமிட்டி வருகிறது.

கமெண்ட்ரி என்பது ஊர் வைத்த பேர். பதினெட்டு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன். ஒரு நாள் அவன் குரலையே பதிவு பண்ணி மெஷினில் போட்டுவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த ஸ்டேஷனில் ரயில் தாமதமானால் வருந்துவது அவன் குரல்தான். மனசார ஒரு தடவைகூட வருந்தினதில்லை என்பது வேறு விஷயம்.

அவனுடைய அண்ணன் மனைவிதான் துப்பறிகிறவர். இருபத்திரண்டு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதினவர். சாட்சி இருமினால்கூட ஒரு கோடு போட்டு வைப்பார். அத்தனை வருஷம் பொய்யை வரி விடாமல் எழுதிவிட்டு, போதும் சாமி என்று வெளியே வந்து, வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டுத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். எங்கே போனாலும் கொழுந்தனை அழைத்துக்கொண்டு போவார். நாலு பேர் இவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் அந்த நாலு பேரைப் பார்க்கலாம் என்பது கணக்கு.

காணாமல் போனது ஒரு விரல் நீள பிரவுன் பாட்டில். உள்ளே அரை ஸ்பூன் வெள்ளைப் பொடி. அதற்குப் பேர் கிடையாது, நம்பர்தான்: பதினேழு. போரான் என்கிற தனிமத்தை வைத்துப் புற்றுநோய் மருந்து செய்ய முடியுமா என்று ஆறு வருஷமாகப் பார்த்துவருகிற விஞ்ஞானியம்மா செய்தது. நிலையம் முழுக்க அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவருடைய ஆய்வறைக்குப் போனபோது மேடம் சுவரோரமாகக் குனிந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். போனின் ஒயர் சுவர் ப்ளக்கில் மாட்டியிருந்தது, ஒயர் நீளம் ஒரு முழம்தான். அதனால் பேசும்போது அவர் நிமிரவே முடியாது. பேசி முடித்துவிட்டுத் திரையைக் காட்டி நொந்துகொண்டார். வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகவில்லையாம். காலையிலிருந்து சார்ஜ் குடிக்கிறது, இன்னும் பத்தொன்பதுதான் காட்டுகிறதாம்.

"மேடம், இதுக்குப் பேரு லேண்ட்லைன்," என்றான் கமெண்ட்ரி.

மேடம் சிரித்தார். இரண்டு நாள் அழுத முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டாமல் நின்றது. கமெண்ட்ரிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அதை மறைக்க, கேரம் போர்டில் போடுகிற பவுடரும் போரான் வகைதானே என்று கேட்டு வைத்தான். ஆமாம், ஆனால் அது ஒண்ணுவிட்ட சித்தப்பா மாதிரி, குடும்பம் ஒன்று, குணம் வேறு என்றார் மேடம்.

பிறகு அவரே எல்லாவற்றையும் விளக்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகக் குழி. ஒவ்வொரு குழியிலும் சிவப்பு நிறத்தில் சத்துநீர், அதற்குள் உயிருள்ள செல்கள். மேல் வரிசையில் புற்றுநோய்ச் செல், கீழ் வரிசையில் ஆரோக்கியமானது. அந்த அறையின் பாஷையில் அதெல்லாம் கெட்ட செல், நல்ல செல். மருந்தை இரண்டு வரிசையிலும் விட வேண்டும். கெட்டது சாகணும், நல்லது பிழைக்கணும். கேட்க என்னமோ சுலபமாகத்தான் இருக்கிறது. மேடம் செய்த முதல் பதினாறு மருந்துகளில் சிலது யாரையும் தொடவில்லை, சிலது எல்லோரையும் கொன்று தீர்த்தது. பதினேழு மட்டும்தான் ஆள் பார்த்து அடித்தது.

"அதை மூணு தடவை என் கண்ணால பார்த்தேன். என் கண்ணை மட்டும் வச்சு யாரும் நம்ப மாட்டாங்க," என்றார்.

அதற்காகத்தான் கமிட்டி. திங்கட்கிழமை நாலு மணிக்குக் கமிட்டியாட்களே வந்து, அவர்கள் கையாலேயே தட்டில் பதினேழை விட்டு, உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் எஃகுப் பெட்டிக்குள் தட்டை வைத்து, கதவில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்று நாலு மணிக்கு வந்து பிரிப்பார்கள். பிரித்ததும் மிச்சப் பொடியைத் தங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் இன்னொரு தடவை செய்து பார்ப்பார்கள். அந்த மிச்சப் பொடிதான் இப்போது இல்லை. மறுபடி செய்ய எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க மாட்டோம், அறையை மூடிவிடுவோம் என்று கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. காணாமல் போன மருந்தென்று ஒன்று இருந்ததா என்றே ஒருத்தர் கேட்டாராம்.

பாட்டில் இருந்த ஃப்ரிட்ஜுக்கு இரண்டு சாவி. ஒன்று மேடத்திடம். இன்னொன்று ஆயாவிடம்.

ஆயா ஆண். ஐம்பத்தைந்து வயது, மீசை உண்டு. பத்தொன்பது வருஷமாக அந்த அறையில் செல்களுக்குச் சாப்பாடு கொடுப்பது, துணி மாற்றாத குறையாகத் தட்டு மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமைகூட வந்து ஒரு எட்டுப் பார்ப்பது எல்லாம் அவர்தான். அதனால் ஆயா. செல்லுக்குப் பசித்தால் சிவப்புச் சத்துநீர் மஞ்சளாகிவிடும், பெரிய படிப்புப் படித்தவர்கள் மைக்ராஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருக்கும்போதே இவர் தூரத்தில் நின்று நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்றார் மேடம். சந்தேகமெல்லாம் இப்போது அவர் மேல்தான். கமிட்டி போனதும் அவரைப் போலீஸில் ஒப்படைப்பதாக டைரக்டர் முடிவு பண்ணியிருந்தார்.

"அவர் எடுக்கல. ஆனா ரெண்டு நாளா என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க மாட்டேங்கறார். அதுதான் எனக்குப் புரியல," என்றார் மேடம். செவ்வாய்க்கிழமை காலை பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாகவும், வர நேரமாகும் என்று சொல்ல ஆயாவுக்குப் போன் பண்ணினதாகவும், பேச்சு பாதியில் அறுந்துவிட்டதாகவும், பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் பாட்டில் இல்லை என்றும் சொன்னார். அண்ணி நோட்டில் நாலு கோடு கிழித்துக்கொண்டார்.

ஆயாவை மாட்டிவிட்டவர் வாட்ச்மேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிற ரகம். செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கு நடைவழியில் ஆயா போனில் பேசினதை ஒட்டுக்கேட்டு, அப்படியே வாக்குமூலமாக எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடி ஃப்ரேம் போடாத குறையாக அதை டைரக்டர் பத்திரப்படுத்தியிருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'பதினேழு. போறான். அட, போறான்னு சொல்றேன்ல. பின்பக்கம். யாருக்கும் தெரிய வேணாம்.'

கூட்டாளி பதினேழை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறான் என்று டைரக்டர் அர்த்தம் பண்ணினார். பண்ணாமல் என்ன செய்வார்? அதிலிருந்து இரண்டு நாளாக எல்லோரும் போனவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கமெண்ட்ரி நாற்பத்தொரு பேரை நாலு தடவை பார்த்ததும் அதனால்தான்.

அண்ணி வாட்ச்மேனைக் கூப்பிட்டு, எழுதினதை அப்படியே சொல்லச் சொன்னார். அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். மூன்றாவது தடவைக்கு வாட்ச்மேன் லேசாக நடிக்க ஆரம்பித்ததும் போதும் என்று அனுப்பிவிட்டார்.

"போன்ல ஒரு ஆளை ஒருத்தர்கிட்ட அனுப்புறோம்னா என்ன சொல்லுவோம்?" என்று கொழுந்தனைக் கேட்டார்.

"வரான்னு சொல்லுவோம். பதினெட்டு வருஷம் 'வந்துகொண்டிருக்கிறது'ன்னுதான் சொன்னேன். வந்ததா இல்லையாங்கிறது வேற."

"இவர் போறான்கிறார். சரி, வேற யாருக்கோ தகவல் சொல்றார்னே வச்சுக்குவோம். 'போறான்னு சொல்றேன்ல'ன்னு எப்ப கத்துவோம்? அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு வார்த்தை விளங்கலைன்னா. போறான்கிற வார்த்தை விளங்காத ஆள் இந்த ஊர்ல யாரு?"

கமெண்ட்ரி யோசித்தான். யாரும் இல்லை. நடை பழகுகிற குழந்தைக்கே விளங்குகிற வார்த்தை அது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். அண்ணி நோட்டைத் திருப்பி ஒரு சின்னக் கோட்டைக் காட்டினார். மண்புழு வளைந்தது போல இருந்தது.

"எங்க சுருக்கெழுத்துல எழுத்து கிடையாது, சத்தம்தான். வாட்ச்மேன் சொன்னதை அவர் சொன்ன சத்தத்துலயே எழுதினேன். இப்ப எடுத்துப் படிச்சா வேற மாதிரி படிக்க வருது. ஆயாவைப் பார்க்கலாம் வா."

கமெண்ட்ரி அந்த மண்புழுவை உற்றுப் பார்த்தான். அவனுக்கு அது மண்புழுவாகத்தான் தெரிந்தது.

ஆயா கழுவின கண்ணாடிக் குப்பிகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். மேடம் ஒரு மூலையில், ஆயா இன்னொரு மூலையில். ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்கள் மாதிரி இருந்தார்கள். வாட்ச்மேன் வாசலில் வந்து நின்றுகொண்டார். யாரும் கூப்பிடவில்லை. டைரக்டரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணி ஆயாவிடம், தினம் வேலைக்கு எதில் வருகிறீர்கள் என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று கமெண்ட்ரிக்கே தோன்றியது.

"பஸ்ஸுலதான்," என்றார் ஆயா.

அவர் வாயில் பஸ்ஸும் பல்லும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தன. உதட்டை ஒட்டி வெடுக்கென்று பிரிக்கிற அழுத்தமான 'ப'. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டு, காணாமல் போன பாட்டிலில் என்ன இருந்தது என்று கேட்டார்.

"போரான்," என்றார் ஆயா.

"கேட்டீங்களா, கேட்டீங்களா," என்று வாசலிலிருந்து வாட்ச்மேன் பாய்ந்து வந்தார். "இப்பக்கூட எல்லார் முன்னாடியும் சொல்றார் பாருங்க. யாருய்யா போறான்?"

டைரக்டர் மெதுவாகக் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். வாட்ச்மேன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னமோ நடந்துவிட்டது, என்னவென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"நாற்பத்தொரு பேர் அண்ணி," என்றான் கமெண்ட்ரி. "நாலு தடவை."

ஆக, போனவன் என்று ஒருத்தன் கிடையவே கிடையாது. ஆனால் பாட்டிலும் கிடையாது. ஆயா போனில் யாரிடமோ பதினேழு, போரான், பின்பக்கம் என்று சொன்னது நிஜம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்னதும் நிஜம். எங்கே வைத்தீர்கள் என்று டைரக்டர் அதட்டினார். ஆயா குப்பியைக் கழுவிக்கொண்டே, நான் எதையும் வெளியே கொண்டு போகவில்லை என்றார். போலீஸ் வந்தால் இதே பதிலைச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, ஆமாம், இதையேதான் சொல்வேன் என்றார்.

பொய் சொல்கிறவர்களை அண்ணி ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். பொய் சொல்கிறவன் கேள்வி கேட்கிறவரின் முகத்தைப் பார்ப்பான், மாட்டிக்கொண்டோமா என்று தெரிந்துகொள்ள. இந்த மனுஷன் பார்த்தது மேடத்தின் செருப்பை. அண்ணி எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மேடம் தயங்கினார். போனை ப்ளக்கிலேயே விட்டுவிட்டு அவரும் போனார்.

"அவங்களைக் காப்பாத்தத்தானே வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

ஆயா குப்பியைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. நாலு பேருக்கு முன்னால் அந்த அம்மா அவமானப்படக் கூடாது, எனக்கு அவ்வளவுதான் வேண்டும் என்றார். என்ன அவமானம் என்று அண்ணி கேட்டார். அவங்கதானே போன் பண்ணிச் சொன்னாங்க என்றார் ஆயா. அவங்க என்ன சொன்னாங்களோ அதை அதே வார்த்தையில், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்லுங்கள் என்றார் அண்ணி. பென்சில் தயாராக இருந்தது.

ஆயா அதை இரண்டு நாளாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவர் போல, தடங்கல் இல்லாமல் சொன்னார்.

"'ஆயா, இவ்வளவு நல்ல செல்லு, பதினேழுலயே செத்துப் போகுது. இனிமே இதை வச்சிருந்து பிரயோஜனமில்ல. தூக்கிப் போட வேண்டியதுதான்.' அவ்வளவுதான். அதோட கட் ஆயிடுச்சு. அழுறாங்க, அதான் வச்சுட்டாங்கன்னு நினைச்சேன்."

பெட்டிக்குள் ஒரு சின்னக் காமிரா இருக்கிறதாம். அது எடுக்கிற படம் மேடத்தின் போனுக்குப் போகுமாம். காலையில் அதில் பார்த்திருப்பார், பதினேழும் முந்தின பதினாறு மாதிரியே நல்ல செல்லைக் கொன்றுவிட்டது, மனசு வெறுத்துப்போய்த் தூக்கிப் போடச் சொல்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். சொன்ன சொல்லைத் தட்டாமல் பாட்டிலை எடுத்துக் கழிவு அறைக்கு அனுப்பிவிட்டார். பதினொரு மணிக்கு மேடம் வந்து, ஐயோ பாட்டிலைக் காணோம் என்று கதறியபோது ஆயாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. தோற்றுப்போனதைச் சொல்ல முடியாமல் திருடு போச்சு என்று நாடகம் ஆடுகிறார். ஆடட்டும். ஆறு வருஷம் உழைத்தவர், இந்த ஒரு பொய்யாவது அவருக்கு மிஞ்சட்டும். பழி தன் மேல் வந்தாலும் பரவாயில்லை.

கமெண்ட்ரி எதையாவது சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை மெஷினில் தன் குரலைக் கேட்டபோது.

அண்ணி எழுதினதை ஒரு தடவை படித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேடத்தைக் கூப்பிடச் சொன்னார்.

மேடம் வந்ததும் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. கமெண்ட்ரியிடம், அந்தப் போனை ஒயரிலிருந்து கழற்றி மேடத்தின் கையில் கொடு என்று மட்டும் சொன்னார். அவன் கழற்றிக் கொடுத்தான். திரையில் இருபது என்று இருந்தது. எல்லோரும் எதற்கென்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தொன்பது ஆனது. ஒரு நிமிஷம் கழித்துப் பதினெட்டு. காமிரா படம் ஏதாவது இதில் பார்த்தீர்களா என்று அண்ணி சும்மா கேட்பது போலக் கேட்டார். இல்லையே, கமிட்டிக்காரர்கள் திங்கட்கிழமையே அந்தக் காமிராவைத் துணி போட்டு மூடிவிட்டார்களே, ஆயா கிளம்பின பிறகு, என்றார் மேடம். திரையில் பதினேழு வந்தது. வந்த வேகத்தில் திரை கறுத்துப்போய்விட்டது.

"சனியன்," என்றார் மேடம். "பதினேழு வந்தா போதும், செல்லு செத்துப் போயிடுது."

ஆயா திரும்பினார்.

அண்ணி நோட்டை எடுத்து, ஆயா சொன்னதை அப்படியே வாசித்தார். இவ்வளவு நல்ல செல்லு. பதினேழுலயே செத்துப் போகுது. இனிமே இதை வச்சிருந்து பிரயோஜனமில்ல. தூக்கிப் போட வேண்டியதுதான். மேடம் கையிலிருந்த போனைப் பார்த்தார், ஆயாவைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"இதைச் சொன்னேன் ஆயா," என்றார், போனைத் தூக்கிக் காட்டி. "இந்தச் செல்லை. பஸ்ஸுல நின்னுக்கிட்டு. லேட்டாகும்னு சொல்றதுக்குள்ள போயிடுச்சு."

ஆயா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருஷமா அந்த வார்த்தைக்கு இந்த ரூம்ல ஒரே அர்த்தம்தானேம்மா," என்றார்.

அது நியாயம்தான். வெளியே பத்துப் பேரை நிறுத்தி, செல் செத்துப்போச்சு என்று சொன்னால் பத்துப் பேரும் சார்ஜரைத் தேடுவார்கள். இந்த ஒரு அறையில்தான் அது சாவு செய்தி.

மணி மூன்று பத்து. கழிவு வண்டி எப்போது வரும் என்று அண்ணி கேட்டார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்றார் ஆயா. சொல்லும்போதே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டார்.

மாடிப்படி, நடைவழி, சைக்கிள் நிறுத்துமிடம், அதைத் தாண்டிக் கட்டிடத்தின் பின்னால் கழிவு அறை. முன்னால் ஆயா, அவருக்குப் பின்னால் மேடம், அவருக்குப் பின்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டைரக்டர். அண்ணி ஓடவில்லை, வேகமாக நடந்தார். வாட்ச்மேன் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினார். எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

கழிவு அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் முழங்கை வரைக்கும் ரப்பர் உறை போட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஏதோ ஒரு மெஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அறை சுத்தமாகக் காலியாக இருந்தது. மஞ்சள் வாளி ஒன்றுகூட இல்லை. வண்டி வந்து பத்து நிமிஷம் ஆச்சு, எல்லாம் போயாச்சு, இந்நேரம் எரிக்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அந்த அம்மாள் கத்தினார்.

மேடம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமெண்ட்ரிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. இந்த அம்மாவுக்கு எப்படியாவது ஒரு ரயில் வராதா என்றிருந்தது அவனுக்கு.

அண்ணி மட்டும் அந்த அம்மாளின் காதருகே போய், செவ்வாய்க்கிழமை ஆயா போனில் உங்களிடம்தான் பேசினாரா என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். என்ன கழிவு என்று இவர் கேட்டாராம், அவர் ஏதோ சொன்னாராம், மெஷின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லையாம்.

"யாரு போறான்னு கேட்டேன். போரான்னு சொல்றேன்லன்னு கத்தினாரு. அப்புறம்தான் புரிஞ்சுது. பின்பக்கம் அனுப்பறேன்னு சொன்னாரு, நானும் பின்பக்கமே வச்சுட்டேன்."

"பின்பக்கம்னா?"

"போரான் கழிவு தனி, அது அவருக்குத் தெரியாது. எரிக்கிற இடத்துல போரான் வாங்க மாட்டாங்க. அடுப்புக்குள்ள செங்கல் பூரா கண்ணாடி மாதிரி படிஞ்சுடுதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வாளி நிறைஞ்சாத்தான் வேற வண்டி வரும். அதுவரைக்கும் பின்பக்க அலமாரியிலதான் கெடக்கும்."

அவர் ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு, பின்சுவரில் இருந்த தகர அலமாரியைத் திறந்தார். அடியில் ஒரு வாளியில் பழைய பாட்டில்கள் குவியலாகக் கிடந்தன. முதல் பதினாறும் அதற்குள்தான் இருந்தன. மேல் தட்டில் தனியாக ஒரு சின்ன அட்டைப் பெட்டி. திறந்தால் பஞ்சு. பஞ்சுக்குள், நூலால் சுற்றிக் கட்டி, விரல் நீள பிரவுன் பாட்டில். அரை ஸ்பூன் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது.

டைரக்டர், ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ் இல்லாமல் கெட்டுப் போயிருக்காதா என்று பதறினார். வெயில் படாமல் இருந்தால் போதும், ஃப்ரிட்ஜில் வைத்தது குளிருக்காக இல்லை, பூட்டுக்காக என்றார் மேடம். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பதினாறையும் வாளியில போட்டீங்க. இதை மட்டும் ஏன் பஞ்சுல சுத்தினீங்க?" என்று கேட்டார்.

"தூக்கிப் போடச் சொன்னீங்க. போட்டேன். வீசிப் போட மனசு வரல," என்றார் ஆயா. பிறகு, "நீங்க பொய் சொல்றீங்கன்னு ரெண்டு நாளா நினைச்சேன்மா," என்றார்.

"நீங்க எடுத்திருப்பீங்களோன்னு நானும் நேத்து ஒரு நிமிஷம் நினைச்சேன்."

"ஒரு நிமிஷம்தானே. பாவம் எனக்குத்தான் ஜாஸ்தி."

போறான் போறான் என்று ஒரு நிலையமே இரண்டு நாளாகத் தேடியது. அவன் எங்கேயும் போகவில்லை. பின்பக்கத்திலேயேதான் இருந்தான். இதைக் கமெண்ட்ரி வாய்விட்டே சொன்னான். வாட்ச்மேன் உடனே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அண்ணி அந்தப் பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கமிட்டி வந்தது. மூன்று பேர். சிரிப்பு என்பது கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய பொருள் என்று நினைக்கிற முகங்கள். மேஜை மேல் பாட்டில் இருப்பதைப் பார்த்தார்கள், எங்கே இருந்தது என்று கேட்டார்கள். அலமாரியில் என்றார் டைரக்டர். அதற்கு மேல் சொன்னால் நாளைக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

எஃகுப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து, தட்டை எடுத்து வெள்ளை வெளிச்சத்தில் வைத்தார்கள். ஒருத்தர் மைக்ராஸ்கோப்பைத் திருக ஆரம்பித்தார். இன்னொருத்தர் காகிதத்தில் தேதி போட்டார். மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கமெண்ட்ரி எட்டிப் பார்த்தான். மேல் வரிசை திங்கட்கிழமை ஊற்றின அதே சிவப்பில், ஆடாமல் அசையாமல் இருந்தது. கீழ் வரிசை முழுக்க ஏதோ வெளிறிப்போயிருந்தது. நல்ல செல்லும் செத்துப்போச்சோ என்று நினைத்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி தட்டைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆயா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. அங்கிருந்தே ஒரு தடவை தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, குழாயில் கையைக் கழுவி, கையுறையை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து சத்துநீர்ப் பாட்டிலை எடுத்துச் சூடு காட்ட வைத்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவர் நிமிர்ந்து, யாரைக் கேட்டு இதெல்லாம் செய்கிறீர்கள் என்று சிடுசிடுத்தார்.

ஆயா மேடத்தைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக, நேராக, முகத்தைப் பார்த்தார்.

"கீழ் வரிசை பூரா மஞ்சளாயிடுச்சும்மா," என்றார். "நல்லதுங்களுக்குப் பசிக்குது."